டிப்ஸ்டிக் மட்டும்தான் ஒழுங்கா இருந்தது

(காட்பாடியில ரிட்டயர் ஆன ரயில்வேக்காரங்க கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஜோலார்பேட்டை ஸ்டீம் இஞ்சின்ல கரி தள்ளினவங்க முன்வரிசையில உக்காந்துகினு இருக்கீங்க, அதனால மொதல்ல உங்க பக்கம் பேசிடறேன். ஸ்டீம் இஞ்சினுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஊருக்கே தெரியும், ஆவி சீறும், ராடு தட்டும், பேரிங் சூடாச்சுன்னா நாத்தம் வரும், அப்படியும் நொண்டிகினே அரக்கோணம் வரைக்கும் வண்டியை இஸ்துகினு வந்து சேத்துடும். டீசல் அப்படி இல்ல. நோவை வயித்துக்குள்ளயே வெச்சிகினு ஓடும், திடீர்னு நின்னுடும்.

ஆரம்பத்துல ரொம்பவே மோசம். 1912ல சுவிட்சர்லாந்துல சுல்சர் கம்பெனியும் ருடால்ப் டீசலும் சேந்து ஒரு லோகோ செஞ்சாங்க. நடுவுல ஜெனரேட்டர், மோட்டார் எதுவும் கெடையாது, இஞ்சினை நேரா சக்கரத்தோட மாட்டிட்டாங்க. டீசல் இஞ்சின் நின்ன எடத்துல இருந்து இழுக்காதே, கொஞ்சம் சுத்தினாதானே உள்ள வெடிக்கும், அதுக்காக அழுத்தின காத்தை விட்டு வண்டியை நகத்தி அப்புறம் எண்ணெய் விடணும். டிரையல்லயே ஒடைசல் மேல ஒடைசல், ரெகுலர் சர்வீசுக்கு வரவேயில்ல.

அப்புறம் 1933 சிகாகோ கண்காட்சி. ஜெனரல் மோட்டார்ஸ்காரங்க வின்டன் 201-ன்னு ரெண்டு டீசல் இஞ்சினை ஜனங்க பாக்கற மாதிரி ஓட்டினாங்க, ஒவ்வொண்ணும் 600 குதிரைசக்தி. பகல்ல ஷோ, ராத்திரி பூரா ரிப்பேர். அதுல வேலை பார்த்த யூஜின் கெட்டரிங் பின்னாடி கிண்டலா சொன்னாரு, எது எது கெட்டுச்சுன்னு சொன்னா நேரம் போதாது, டிப்ஸ்டிக், அதான் எண்ணெய் மட்டம் பாக்கற கோல், அது மட்டும் தொந்தரவு குடுத்ததா ஞாபகம் இல்லன்னு. அதையே சரி பண்ணின 201ஏ-வை போட்டுதான் 1934 மே 26 அன்னிக்கு செபைர் ரயில் டென்வர்ல இருந்து சிகாகோவுக்கு 1015 மைலை 13 மணி 5 நிமிஷத்துல ஓடிச்சு. வழியில ஸ்டார்ட்டர் கேபிள் கருகி இஞ்சின் அணைஞ்சி, வண்டி சும்மா உருண்டுகினு இருக்க, ஒரு ஆளு ரெண்டு ஒயரையும் வெறுங்கையில புடிச்சி சேத்து ஸ்டார்ட் பண்ணாரு. கை வெந்துபோச்சு. சாதனைன்னு எல்லாரும் நேரத்தை சொல்றாங்க, எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருது.

நான் சொல்ல வந்த விஷயம் தண்ணி. 1938ல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்து வந்த 567 இஞ்சின் நல்ல இஞ்சின்தான், ஆனா லைனரை, அதான் பிஸ்டன் ஓடற குழாயை, சுத்தி குளிர வெக்கிற தண்ணியை தடுக்க வெறும் ரப்பர் வளையம். சூட்டுல அது இறுகிப்போய் தண்ணி கீழ எண்ணெய்ல எறங்கும், எண்ணெய் பேரிங்கை காப்பாத்தாது, பேரிங் போச்சுன்னா கிராங்க், அதான் இஞ்சினோட பெரிய தண்டு, அதுவும் போச்சு. அம்மாம் பெரிய இரும்பை ஒரு ரப்பர் வளையம் சாகடிக்குது! 1950கள்ல 567சி வந்தப்புறம்தான் லைனருக்குன்னு தனி ஜாக்கெட் குடுத்து அதுக்கு முடிவு கட்டினாங்க.

ஆல்கோன்னு இன்னொரு அமெரிக்கக் கம்பெனி, அவங்க 244 இஞ்சின் கதை வேற, காத்தை அழுத்தி உள்ள தள்ளற டர்போவும் கிராங்க்கும் மாத்தி மாத்தி படுத்துச்சு. அதை விட்டுட்டு 251 கொண்டு வந்தாங்க, அதுதான் 1962ல இருந்து டபிள்யூடிஎம்-2ங்கற பிராட் கேஜ் லோகோவுல நம்ம ஊருக்கு வந்தது, 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. மீட்டர் கேஜ் இருந்தப்ப வேலூர் கன்டோன்மென்ட் வழியா விழுப்புரம் போன ஒய்டிஎம்-4 லோகோவுல இருந்ததும் அதே குடும்பம்தான், 6 சிலிண்டர்.

நான் சேந்த புதுசுல ஒரு ஷெட்டுல, பேர் வேணாம், ராத்திரி பூரா நின்ன லோகோவை காலையில ஒரு பையன் சிலிண்டர் பிளக்கை தொறந்து, இஞ்சினை மெதுவா சுத்தி தண்ணி வருதான்னு பாக்காம அப்படியே ஸ்டார்ட் பண்ணிட்டான். சிலிண்டர்ல தண்ணி தேங்கியிருந்திருக்கு. காத்து அமுங்கும், தண்ணி அமுங்குமா? டம்முனு ஒரே சத்தம், கனெக்டிங் ராடு வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. அந்தப் பையன் நான்தான்னு சிலருக்கு தெரியும், சிரிக்காதீங்க.

அதுக்கப்புறம்தான் எங்க மேஸ்திரி என்னை டிப்ஸ்டிக் பாக்கவே விட்டாரு. லேப்ல எண்ணெயை எரிச்சிப் பாத்து செம்பு ஏறினா பேரிங், இரும்பு ஏறினா லைனர்னு சொல்லிடுவாங்க, அதெல்லாம் பின்னாடி. மேஸ்திரிக்கு அந்தக் கோலும் ரெண்டு விரலும் போதும். டீ கலர்ல இருந்தா தண்ணி, பிசுபிசுப்பு இல்லாம ஓடினா டீசல் கலந்திருக்கு. எண்ணெய் மட்டம் கொறைஞ்சிருந்தா ஊத்துடான்னு சொல்லிட்டு பீடி பத்த வெப்பாரு. மட்டம் ஏறியிருந்தாதான் பீடியை கீழ போட்டுட்டு, யாரும் இஞ்சினை தொடாதீங்கடான்னு கத்துவாரு.