கீழ் டிவிஷன்ல அடிச்சாலும் கோல் கோல்தான்: ஆர்தர் ரவுலி

வணக்கம். பேசக் கூப்பிட்ட நிலையத்துக்கு நன்றி, கேட்டுட்டிருக்கிற உங்களுக்கும் நன்றி. சனி, ஞாயிறு ராத்திரி ஆனா டிவில ப்ரீமியர் லீக் பார்க்கிற ஆளுங்க நம்ம ஊர்ல இப்ப நிறைய இருக்காங்க. அவங்க கிட்ட ஒரு கேள்வி. இங்கிலாந்து லீக் ஃபுட்பால் ஆரம்பிச்சதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் அதிக லீக் கோல் அடிச்சவர் யாரு? ஷியரர்னு சொல்வாங்க, ஹாரி கேன்னு சொல்வாங்க, பழைய ஆளுங்க ஜிம்மி கிரீவ்ஸ்னு சொல்வாங்க. இவங்க யாருமே இல்லைங்க. ஆர்தர் ரவுலி. 619 ஆட்டம், 434 கோல். கடைசி கோல் அடிச்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ரெக்கார்டு அப்படியே நிக்குது.

அப்புறம் ஏன் இந்தப் பேரையே நாம கேள்விப்பட்டதில்ல? ஏன்னா அவர் வாழ்க்கையில முக்கால்வாசி கீழ் டிவிஷன்லயே ஆடினவர். இங்கிலாந்துல லீக்ங்கிறது ஒரே டிவிஷன் கிடையாது, அவர் காலத்துல நாலு இருந்துச்சு. நல்லா ஆடினா மேல ஏத்துவாங்க, மோசமா ஆடினா கீழ இறக்கிடுவாங்க. ரவுலி நாலு டிவிஷன்லயும் ஆடினவர்தான், ஆனா முதல் டிவிஷன்ல மொத்தமே மூணு சீசன்.

1926 ஏப்ரல் மாசம், வுல்வர்ஹாம்ப்டன்ல பொறந்தவர். அண்ணன் ஜாக் ரவுலி மான்செஸ்டர் யுனைடெட்டோட பெரிய ஸ்டார். 1948 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல ரெண்டு கோல் போட்டார், அடுத்த வருஷம் இங்கிலாந்துக்காக வட அயர்லாந்து மேல ஒரே மேட்ச்ல நாலு கோல். பத்திரிகை முழுக்க அண்ணன் பேருதான். தம்பிக்கு விளையாடற வயசு வந்தப்போ உலகப்போர், லீக்கே நடக்கல. போர் முடிஞ்சு லீக் திரும்ப ஆரம்பிச்சப்போ வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன்ல இருந்தார், 24 ஆட்டத்துல 4 கோல். அதோட போதும்னு ஃபுல்ஹாமுக்கு அனுப்பிட்டாங்க. அங்க போன உடனே 22 ஆட்டத்துல 19 கோல் போட்டார், ஃபுல்ஹாம் ரெண்டாவது டிவிஷன் சாம்பியன் ஆயிடுச்சு. 1950ல லெஸ்டர் சிட்டி வாங்கிச்சு. ஆமாங்க, 2016ல எல்லாரையும் ஆச்சரியப்படுத்தி லீக் ஜெயிச்ச அதே லெஸ்டர்தான், அப்போ ரெண்டாவது டிவிஷன் டீம்.

இனிமே கொஞ்சம் நம்பர் சொல்றேன், ரேடியோல நம்பர் கேக்கறது கஷ்டம்னு தெரியும், ஆனா இந்த நம்பரை காதால கேட்டாதான் அந்த மனுஷன் புரிவார். லெஸ்டர்ல முதல் சீசன் 28 கோல். அடுத்து 38. அடுத்து 39. 30. 23. 29. 44. 20. எட்டு சீசன். அப்புறம் ஷ்ரூஸ்பரி டவுன் போனார், அங்க 38, 32, 28, 23, 24. சேர்த்துப் பாருங்க, பதிமூணு சீசன் வரிசையா, ஒரு சீசன்ல கூட 20க்கு கீழ இறங்கல. மாசம் பொறந்தா வர்ற சம்பளம் மாதிரி வந்துட்டே இருந்துச்சு. ஒரு வருஷம் 40 கோல் போட்டுட்டு மறு வருஷம் காணாம போன ஸ்ட்ரைக்கர் நிறைய பேர் உண்டு. கால்ல அடிபட்டுக்கிட்டு, வயசு ஏறிக்கிட்டு, டீம் மாறிக்கிட்டு, பதிமூணு வருஷம் இப்படி அடிச்சதுதான் பெருசு.

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற விஷயத்துக்கு வர்றேன். ரவுலி பேரை எடுத்தாலே சில பேர் "அட, அதெல்லாம் சின்ன டிவிஷன்ல அடிச்ச கோலுங்க"ன்னு கையை வீசிடுவாங்க. எனக்கு இது மனசு ஆறவே ஆறாது. ஜிம்மி கிரீவ்ஸ் 357 கோல் அடிச்சார், அத்தனையும் முதல் டிவிஷன்ல, அது மலை மாதிரி சாதனை, அதை யாரும் குறைக்க முடியாது, நானும் குறைக்கல. ஆனா அதுக்காக இதைக் குறைக்கணுமா? யோசிச்சுப் பாருங்க. எதிர்ல நிக்கிற டிஃபெண்டர் மூணாவது டிவிஷன்காரர், சரி. ஆனா ரவுலிக்கு பாஸ் குடுக்கறவரும் மூணாவது டிவிஷன்காரர்தானே? கிராஸ் போடறவரும் அதே டிவிஷன்தானே? பெரிய டீம்ல ஒரு ஆட்டத்துல பத்து சான்ஸ் வரும், சின்ன டீம்ல ரெண்டோ மூணோ வரும், அதுல ஒண்ணை உள்ள போட்டாகணும்.

அப்புறம் அந்தக் காலத்து மைதானம். ஜனவரி மாசம் கோல் முன்னாடி புல்லே இருக்காது, வெறும் சேறு. பந்து தோல் பந்து, மேல நாடா போட்டுக் கட்டியிருப்பாங்க, மழைத்தண்ணி குடிச்சுக் குடிச்சு கனமா ஆயிடும். அந்த நாடா மேல தலை பட்டா நெத்தி கிழியும். லீக்ல மாத்து ஆட்டக்காரர் இறக்கற வழக்கமே 1965லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிபட்டா நொண்டிக்கிட்டே ஆடணும், இல்லைன்னா டீம் பத்து பேரோட ஆடணும். இதுல பந்தை இடது காலால அடிச்சு வலைக்குள்ள அனுப்பினவர் ரவுலி. ஆள் நல்ல கனம், வேகமா ஓடறவர் இல்ல, ஆனா இடது கால் ஷாட்டுக்கு முன்னாடி நிக்க எந்த கோல்கீப்பருக்கும் பிடிக்காது.

மேல் டிவிஷன்ல ஆடிக் காட்டினாரான்னு கேக்கறவங்களுக்கும் பதில் இருக்கு. லெஸ்டர் முதல் டிவிஷனுக்கு ஏறின ரெண்டு தடவையும் அவர் 23, 20னு அடிச்சார். ரெண்டாவது தடவை, அந்த 20 கோல் அடிச்ச 1958லயே, 32 வயசு ஆயிடுச்சுன்னு வித்துட்டாங்க. லெஸ்டருக்காக எல்லா போட்டியும் சேர்த்து 265 கோல். ஆர்தர் சாண்ட்லரோட கிளப் ரெக்கார்டு 273. எட்டே எட்டு கோல்தான் பாக்கி! இன்னும் அரை சீசன் வச்சிருந்தா தாண்டியிருப்பார்.

லெஸ்டருக்கு நஷ்டம், ஷ்ரூஸ்பரிக்கு யோகம். இந்த ஷ்ரூஸ்பரி மைதானத்தைப் பத்தி சொல்லாம விட மாட்டேன், எனக்கு அவ்வளவு பிடிச்ச இடம். கே மெடோன்னு பேரு, செவர்ன் ஆத்தை ஒட்டியே. ஒரு பக்கம் ஸ்டாண்டைத் தாண்டி பந்து போச்சுன்னா நேரா ஆத்துக்குள்ளதான் விழும். பந்து வாங்கக் காசு இல்லாத கிளப், அதனால ஃப்ரெட் டேவிஸ்னு ஒருத்தரை வச்சிருந்தாங்க. அவர் பரிசல் செய்யறவர். ஆமாங்க, பரிசலேதான், மூங்கில் மாதிரி வளையற குச்சியில கூடு கட்டி மேல துணி போத்தி தார் பூசினது, ஒத்த ஆள் உக்காரலாம். மேட்ச் அன்னிக்கு பரிசலோட கரையில காத்திருப்பார். பந்து மேல பறந்து தண்ணியில விழுந்ததும் ஒரே துடுப்பைப் போட்டுக்கிட்டுப் போய், அது மிதந்து போறதுக்குள்ள எடுத்துட்டு வருவார். ஒரு பந்துக்கு இவ்வளவுன்னு கூலி. உள்ள தொண்ணூறு நிமிஷ ஆட்டம் நடக்குது, வெளியில பரிசல்ல ஒரு ஆட்டம் நடக்குது. மழை பெஞ்சு ஆறு வேகமா ஓடற நாள்ல அவருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்! பல வருஷம் இதே வேலை பார்த்தார். 2007ல கிளப் ஊருக்கு வெளியில புது மைதானத்துக்குப் போயிடுச்சு, ஆத்துல விழற பந்துங்கிற பேச்சே போயிடுச்சு, எனக்கு அது வருத்தம்தான்.

சரி, ரவுலிக்கு வருவோம். அவர் அங்க ஆட்டக்காரராவும் மேனேஜராவும் போனார், ரெண்டு வேலையும் ஒருத்தரே. நாலாவது டிவிஷன்ங்கிறதே அந்த 1958லதான் புதுசா ஆரம்பிச்சாங்க. டீமை அவரே தேர்வு செய்வார், அவரே முன்னாடி நின்னு ஆடுவார், 38 கோல் போட்டார், டீம் மூணாவது டிவிஷனுக்கு ஏறிடுச்சு. அப்போ ஆட்டக்காரருக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் 20 பவுண்டுதான், அதுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு சட்டம், 1961 ஜனவரிலதான் எடுத்தாங்க. 434 கோல் அடிச்சவர் இந்தக் காலத்துல என்ன வாங்குவார்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அதே 1961 ஏப்ரல் 29, பிராட்ஃபோர்டு சிட்டி மைதானத்துல அவரோட 380வது லீக் கோல். எவர்டனோட டிக்ஸி டீன் அடிச்ச 379ஐ தாண்டியாச்சு. டிக்ஸி டீன்னா ஒரே சீசன்ல 60 கோல் அடிச்ச சாமி அவர். அந்த சாமியோட கணக்கைத் தாண்டினது ஒரு மூணாவது டிவிஷன் ஆட்டத்துல. இன்னொரு சுவாரஸ்யம், அதே சீசன்ல லீக் கப்ங்கிற தனி நாக்-அவுட் போட்டி முதல் முதலா நடந்துச்சு, ஷ்ரூஸ்பரி அந்த எவர்டனையே காலிறுதியில வீட்டுக்கு அனுப்பிட்டு அரையிறுதி வரைக்கும் போச்சு. அங்க ராதர்ஹாம் கிட்ட ஒத்தக் கோல் வித்தியாசத்துல தோத்தாங்க.

இங்கிலாந்து அணிக்கு? இங்கிலாந்து பி அணி, அதாவது ரெண்டாவது வரிசை அணிக்காக ஒரே ஒரு ஆட்டம். சீனியர் அணிக்கு ஒண்ணு கூட இல்ல. லாஃப்ட்ஹவுஸ், டாமி டெய்லர்னு பெரிய ஆளுங்க இருந்த காலம், ஒத்துக்கறேன், ஆனா ஒரு சீசன்ல 44 கோல் அடிச்சவரை ஒரு தடவை கூட இறக்கிப் பார்க்கலையேங்கிறது எனக்கு இன்னிக்கும் நியாயமா படல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, நேரம் நெருங்கிடுச்சு. அவர் மேனேஜரா இருந்த காலத்தைப் பத்தி விரிவா பேசணும்னு வந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். 1965ல ஆடறதை நிறுத்தினார், 1968 வரைக்கும் ஷ்ரூஸ்பரி மேனேஜர், அப்புறம் ஷெஃபீல்டு யுனைடெட், அப்புறம் சவுத்எண்ட். 1972ல சவுத்எண்டை நாலாவது டிவிஷன்லேருந்து மேல ஏத்தினார். 2002 டிசம்பர்ல 76 வயசுல காலமானார். லெஸ்டரோட ஜேமி வார்டி உங்களுக்குத் தெரியும், அவரும் கீழேருந்து ஏறி வந்தவர்தான், 2025ல சரியா 200 கோலோட லெஸ்டரை விட்டுக் கிளம்பினார். லெஸ்டருக்காக அதிக கோல் அடிச்சவங்க லிஸ்ட்ல வார்டிக்கு மூணாவது இடம், ரவுலிக்கு ரெண்டாவது. அடுத்த தடவை லெஸ்டர் மேட்ச் பார்க்கறப்போ பக்கத்துல இருக்கறவங்க கிட்ட இந்தப் பேரைச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.