உங்கள் தெருவில் தொடங்கும் பட்டப்படிப்பு

(ஒரு கலைக் கல்லூரியில் சமூகவியல், பொருளியல், உளவியல் துறைகளில் முதலாண்டு சேர்ந்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புள்ள மாணவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

உங்களில் சிலர் கலந்தாய்வில் வணிகவியல் கேட்டிருப்பீர்கள். இடம் முடிந்துவிட்டது, சமூகவியல்தான் இருக்கிறது என்றிருப்பார்கள். சரி என்று சேர்ந்திருப்பீர்கள். அதில் குறைந்துபோக ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வருடமும் அதே நினைப்போடு இருந்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். மனிதர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள், ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விசாரிக்கிற படிப்பு இது. நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து பாஸாகவும் முடியும். அப்படிப் பாஸாகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர்களுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நூறு வருடத்துக்கு முன்பு நம் சென்னை மாகாணத்து மாணவர்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். 1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊருக்குப் போய் விசாரித்து எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, என்ன பயிர், எத்தனை மாடு, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்றெல்லாம் கேள்விகள். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, வடார்க்காட்டில் தூசி, தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி, ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான் என்று பல ஊர்களைப் பற்றிய அந்தக் குறிப்புகள் 1918-இல் புத்தகமாக வந்தன.

உங்களைப் போன்ற மாணவர்கள் எழுதியவை அவை. இன்றுவரை பயன்படுகின்றன. 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சில ஊர்களுக்குப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஆய்வாளர்கள் போனார்கள். முதல் குறிப்பில் பண்ணையாரிடம் வாங்கிய கடனால் கட்டுண்டு வேலை செய்த படியாட்களைப் பற்றி வருகிறது. கடைசியாகப் போனவர்கள், பெரிய நிலக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருப்பதையும், ஊர்க்காரர்கள் விவசாயத்துக்கு வெளியே வேலை தேடிப் போவதையும் எழுதினார்கள். முதல் கணக்கு இல்லாவிட்டால், எவ்வளவு மாறியது என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இருந்திருக்காது. வாய்மொழியாக அந்தக் காலம் நல்ல காலம் என்று சிலர் சொல்வார்கள், கொடுமையான காலம் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இருவேல்பட்டை 1916-இல் எழுதிய மாணவர் அந்த ஊரின் பெரிய நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பண்ணையார் வீட்டுப் பிள்ளை நோட்டோடு வந்து நின்று, ‘உனக்குக் கடன் எவ்வளவு?’ என்று கேட்டால் படியாள் எதைச் சொல்லியிருப்பார், எதை விழுங்கியிருப்பார்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் நீங்கள் சமூக அறிவியலுக்குள் வந்துவிட்டீர்கள். அந்த மாணவர் எழுதியதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. யார் கேட்டார், யார் பதில் சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் போகும்போதும் இதே சிக்கல் வரும். ஊர்த்தெருவில் ஒரு பதில் கிடைக்கும், தலித் குடியிருப்பில் வேறு பதில் கிடைக்கும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மனைவி ஒன்று சொல்வார், தண்ணீர்க் குழாயடியில் வேறொன்று சொல்வார்.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளில் எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் சம்பளமில்லாமல் அந்த வேலையில் இருந்தார்கள் என்று தெரிந்தது. வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். அதிலும் நூற்றில் 26 ஆண்கள்தான் அந்த வேலையையே செய்தார்கள். கேள்வியை மாற்றியதும் ஐந்து மணி நேர உழைப்பு கணக்குக்குள் வந்தது.

உளவியல் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் நான்கு ஊர்களை எடுத்துக்கொண்டு, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் பூட்டுப்போட்ட பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். காரணம் எளிது. மனம் உடைந்த ஒரு வேகத்தில் எடுக்கும் முடிவுகள் பல. அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், வேகம் தணிய அவகாசம் கிடைக்கும். மக்கள் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள், தற்கொலைகளும் குறைந்தன என்று 2013-இல் வெளியான கட்டுரை சொன்னது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் இதைவிடப் பெரிய ஆய்வு நடந்தது. அங்கே வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: பலன் தெரியவில்லை. அதே இலங்கையில், 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது தற்கொலை விகிதம் பெருமளவு இறங்கியது. பெட்டி ஊர்ப்பொதுவில் இருப்பதும் வீட்டுக்குள் இருப்பதும் ஒன்றா? நான்கு ஊர் ஆய்வை எவ்வளவு தூரம் நம்பலாம்? நடத்தையை மாற்றப் பார்ப்பதா, கடையில் விற்கும் பொருளையே மாற்றுவதா? மூன்று துறை மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள் இவை. மனித உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

உங்கள் உளவியல் பாடப்புத்தகத்தில் வரும் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. அவர்களை வைத்து உலக மனிதர்கள் எல்லோரையும் பற்றிப் பேச முடியாது என்று ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2010-இல் விரிவாக எழுதினார்கள். ஆகவே அத்திப்பட்டியிலும் ஆலங்குளத்திலும் விசாரிக்க நிறைய பாக்கி இருக்கிறது.

அப்புறம், புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள். கணக்கு வராது என்பதற்காகவே இந்தத் துறைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் சராசரி, மாதிரி எடுத்தல், இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பது போன்றவை தெரியாமல் இந்தப் படிப்பு இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு கைவசம் இருந்தால் போதும், மீதியை நாங்கள் சொல்லித் தருகிறோம்.

வேலை பற்றிப் பெற்றோர் கேட்பீர்கள், கேட்பது நியாயம். பி.எஸ்சி. உளவியல் முடித்ததும் உங்கள் மகள் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டார். அதற்கு மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். வேறு விதமாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். பி.ஏ. முடித்தவர்கள் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறார்கள், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்புக்குப் போகிறார்கள், பி.எட். முடித்து ஆசிரியர் ஆகிறார்கள், தொண்டு நிறுவனங்களிலும் கணக்கெடுப்புப் பணிகளிலும் சேர்கிறார்கள். முதல் சம்பளம் பெரும்பாலும் குறைவுதான். நேரில் போய் விசாரித்து, கணினியில் அட்டவணை போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வழி திறக்கிறது. அந்தத் திறமை வகுப்பறையில் மட்டும் உட்கார்ந்து வராது.

அதனால் பெற்றோரிடம் ஒரே ஒரு கோரிக்கை. இரண்டாம் பருவத்தில் மாணவர்களைக் களப்பணிக்கு அழைத்துப் போவோம். அந்தச் சமயத்தில், ‘பொண்ணை மட்டும் அனுப்ப முடியாதுங்க சார், வீட்டிலேயே இருந்து எழுதட்டும்’ என்று சொல்கிற தகப்பனார்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பெண்களிடம் பெண் பிள்ளைகள் போய்க் கேட்டால்தான் பாதி ஊரின் கதை வெளியே வரும். ஆசிரியைகள் கூடவே வருவார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம், போகும் ஊரின் பெயரையும் பேருந்து நேரத்தையும் முன்கூட்டியே எழுதித் தருவோம். இன்னும் ஏதாவது தயக்கம் இருந்தால் இந்தக் கூட்டம் முடிந்ததும் துறை அறைக்கு வாருங்கள். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம், உட்கார்ந்து பேசுவோம்.