எந்த இருபத்தெட்டு?

நேயர்களுக்கு வணக்கம்.

போன பங்குனியில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிளில், போய்க்கொண்டிருந்தேன். எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கிழிசல். டியூப் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. உருட்டிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன்.

"டயர் இருக்கா அண்ணாச்சி?"

"என்ன சைஸ் தம்பி?"

"இருபத்தெட்டு."

பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுவரில் தொங்கிய டயரைக் கழற்றித் தந்தார். ரிம்மில் மாட்டினால் தொளதொளவென்று ஆடுகிறது.

அவர் புரிந்துகொண்டது 28 அங்குலம், நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளின் சக்கரம். நான் கேட்டது 28 மில்லிமீட்டர் அகலம். அந்தப் பழைய டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு பைக்குக்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை எந்த மெக்கானிக்காலும் ஒட்ட முடியாது. டயர் வாங்கும்போது பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் பொடி எழுத்தில் 28-622 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் அகலம், அடுத்தது விட்டம். இரண்டாவது எண்ணில் ஏமாந்தால் காசு போச்சு.

சரி, நம் சாலையில் டயரைக் கொல்வது எது? எல்லோரும் பள்ளம் என்பார்கள். என் கணக்கில் முதல் எதிரி லாரி டயரின் கம்பி. நான்குவழிச் சாலையில் வெடித்த லாரி டயரின் துண்டுகள் ஓரத்தில் கிடக்கும், நாம் ஓட்டுவதும் அதே ஓரத்தில்தான். அதிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி தலைமுடிபோல மெல்லிசு. டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. டியூபை ஒட்டி மாட்டுவோம், பத்து கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டே போங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் ரத்தம்தான் வரும், எனக்கு வந்தது. அடுத்து முட்கள். விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி ஏற்றிக்கொண்டு போனால் சாலையில் முள் உதிராமல் இருக்காது. பெரிய வண்டிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கினால் நெருஞ்சி காத்திருக்கும்.

முள்ளுக்கும் கம்பிக்கும், டயரின் உள்ளே கெட்டியான ஒரு பட்டை வைத்துத் தயாரிப்பதுதான் தடுப்பு. ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் என்ற டயரில் அது 5 மில்லிமீட்டர் தடிமன். முள் தோற்றுவிடும், ஆனால் மேட்டில் ஏறும்போது அந்தப் பாரத்தைத் தொடை உணரும். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் எடை குறைவு, பக்கவாட்டிலும் நெய்த துணிக் காப்பு உண்டு. ஜல்லி பெயர்ந்த பஞ்சாயத்துச் சாலைக்கு இந்தப் பக்கவாட்டுக் காப்பு முக்கியம். என் டயர் கிழிந்ததும் அங்கேதான்.

பள்ளத்துக்கு மட்டும் பட்டை உதவாது. காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் விழுந்தால் டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். அதற்கு மருந்து அகலமும் காற்றும். அதனால்தான் 23 மில்லிமீட்டர் அகலத்தை மறந்துவிட்டு 28-க்கு வாருங்கள் என்கிறேன். பழைய ஃபிரேம்களில் 28 உராயலாம். காற்றடித்த பிறகும் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடம் வேண்டும். நான் எழுபது கிலோ, பின்னால் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு), முன்னால் 70 அடிக்கிறேன். இதற்கு வீட்டிலேயே அளவுமானி வைத்த பம்ப் ஒன்று இருந்தாக வேண்டும்.

அட்டையில் டிபிஐ என்று ஒரு எண் இருக்கும், டயருக்குள் இருக்கும் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற கணக்கு. அதிகமானால் டயர் மிருதுவாக ஓடும், துணி மெல்லிசாக இருக்கும். சில கம்பெனிகள் துணியின் மூன்று அடுக்கையும் கூட்டி 180 என்று போடுவார்கள், பிரித்தால் அடுக்குக்கு 60-தான். மயங்க வேண்டாம்.

விலைக்கு வருகிறேன். என் நோட்டுக் கணக்கு இது. தொள்ளாயிரம் ரூபாய் டயர் பின் சக்கரத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடியது, ஒன்பது பஞ்சர். 3,200 ரூபாய் டயர் 7,000 ஓடியது, பஞ்சர் இரண்டு. வகுத்துப் பாருங்கள், இரண்டுமே கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்து பைசாவைச் சுற்றித்தான் வருகிறது! மிச்சம் டயரில் இல்லை. ஒவ்வொரு பஞ்சருக்கும் வெயிலில் உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரத்தில் இருக்கிறது. ஊருக்குள் ஆபீஸ் போய்வர, பட்டை வைத்த, விளிம்பில் கம்பி ஓடும் மடிக்க முடியாத சாதாரண டயரே போதும். மடிக்கும் டயருக்குக் கூடுதல் விலை, மடிப்பதால் முள் ஏறாமல் போகாது. உதிரியாகப் பையில் எடுத்துப்போக மட்டும் வசதி.

பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அது தேய்ந்ததும் முன்டயரைப் பின்னுக்கு மாற்றி, புதுசை முன்னால் போடுங்கள். முன்டயர் வெடித்தால் கீழே விழும் ஆபத்து அதிகம். பின்டயர் வெடித்தால் சமாளிக்கலாம்.

எட்டயபுரத்துக் கதையை முடிக்கவில்லையே. பெரியவர் ஒரு பழைய டயரில் இரண்டு அங்குலம் வெட்டி, கிழிசலுக்கு உள்ளே வைத்து, காற்றை மட்டாக அடித்து அனுப்பினார். தூத்துக்குடி வரை தாங்கியது. இப்போதும் அந்த வழியில் போனால் கடை வாசலில் நின்று கேட்கிறார்: "தம்பி, இன்னைக்கு எந்த இருபத்தெட்டு?"

நன்றி, வணக்கம்.