பம்பர் ஓரம் சேரவில்லையா? கவரைக் குறை சொல்வதற்கு முன் பிராக்கெட்டைப் பாருங்கள்

ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கிங் தூணில் உரசி முன் பம்பரின் இடது ஓரம் கிழிந்துவிட்டது, புதுக் கவர் (பம்பரின் வெளிப் பிளாஸ்டிக்) வாங்கி வீட்டிலேயே மாட்டினேன், எல்லா போல்ட்டையும் இறுக்கிய பிறகும் இடது பக்கம் மட்டும் ஃபெண்டரோடு (முன் சக்கரத்தை மூடியிருக்கும் பாடி பகுதி) ஒட்டாமல் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி நிற்கிறது, கவரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிறார்.

அவசரப்படாதீர்கள். கவரைத் திரும்பக் கழற்றி, ஃபெண்டர் விளிம்புக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே நீளமாக ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட் இருக்கும், கவரின் ஓரம் அதில்தான் லாக் ஆகும். பம்பர் உரசியபோது அந்த லாக் பற்கள் உடைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பற்கள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கவரும் வெளியே தள்ளிக்கொண்டுதான் நிற்கும். கவர் விலையோடு பார்த்தால் பிராக்கெட் சின்னத் தொகைதான், ஆனால் இடது வலது தனித்தனி, கேட்டு வாங்குங்கள். பிராக்கெட் நன்றாக இருந்தால், அது மாட்டியிருக்கும் தகடோ ஃபெண்டரோ உள்ளே தள்ளியிருக்கிறதா என்று வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகடு வளைந்திருந்தால் அது டிங்கரிங் வேலை, வீட்டில் அடித்து நிமிர்த்த வேண்டாம்.

கழற்றும்போதும் கவனம் வேண்டும், ஏனென்றால் பலர் பிராக்கெட்டை உடைப்பதே அப்போதுதான். பானெட்டைத் திறந்து மேலே உள்ள கிளிப்புகள், அப்புறம் அடியில் உள்ளவை, இவை சுலபம், கிளிப்பின் நடுப்பொத்தானை மெதுவாக நெம்பினால் வந்துவிடும் (சில வகையில் உள்ளே அழுத்த வேண்டும்). வீல் பக்கம்தான் சிக்கல். எந்தப் பக்கம் வேலையோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புங்கள், ஸ்க்ரூ டிரைவர் நுழைய இடம் கிடைக்கும். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் மறைத்திருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் விலக்கினால் பம்பரும் ஃபெண்டரும் சேருகிற மூலையில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், பெரும்பாலான கார்களில் இப்படித்தான், இதை விட்டுவிட்டு இழுத்தால் ஓரம் கிழியும். எல்லாம் எடுத்த பிறகு கவரை முன்பக்கமாக இழுக்காதீர்கள், முதலில் ஓரத்தைப் பக்கவாட்டில் வெளியே இழுத்து லாக்கை விடுவியுங்கள், இரண்டு பக்கமும் விடுபட்ட பிறகுதான் முன்னால். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் கண்டிப்பாக வேண்டும். ஃபாக் லாம்ப் இருந்தால் அதன் வயர் இணைப்பை (கப்ளர்) கழற்றும் வரை கவரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வயர் அறுந்துவிடும். ஃபெண்டர் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பெயிண்டில் கீறல் விழாது.

மாட்டும்போது எந்த போல்ட்டையும் உடனே இறுக்க வேண்டாம். முதலில் இரண்டு ஓரமும் பிராக்கெட்டில் டக் டக்கென்று லாக் ஆக வேண்டும், பிறகு எல்லாவற்றையும் லூசாகப் போட்டு, ஹெட்லைட் ஓரத்திலும் ஃபெண்டர் ஓரத்திலும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா பார்த்துவிட்டு இறுக்குங்கள். நடுவில் உள்ள போல்ட்டுகளை முதலிலேயே இறுக்கிவிட்டால் ஓரம் இழுத்துக்கொள்ளும், நண்பருக்கு இதுவும் நடந்திருக்கலாம். பழைய கிளிப்பில் பாதி உடைந்துதான் வரும், புதிதாகப் பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கவர் இன்னும் பெயிண்ட் அடிக்காததாக இருந்தால் நல்லது, முதலில் மாட்டிப் பொருத்தம் பார்த்துவிட்டு அப்புறம் பெயிண்டருக்குக் கொடுங்கள், பெயிண்ட் அடித்த கவரை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. பெயிண்டரிடம் பிளாஸ்டிக் பிரைமர் போடச் சொல்லுங்கள், அது இல்லாமல் அடித்தால் கொஞ்ச நாளில் தோல் மாதிரி உரியும்.

இன்ஷூரன்ஸில் கேட்டிருக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துவிடுவார்கள், அதோடு கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கும் போனஸும் போகும், அதனால் பம்பர் கவர் மட்டும் என்றால் கைக்காசில் முடிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கிளெய்ம் செய்வதாக இருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் ஒரு கிளிப்பைக்கூடக் கழற்றாதீர்கள்.