ஜிகர்தண்டா ஊர்ல நம்ம ஜிகர் எப்படி இருக்கு? | ஹெபடைடிஸ் சி குணமான பிறகு கல்லீரல்

(திரையில்: விளக்குத்தூண் பக்கம், ஒரு டம்ளர் ஜிகர்தண்டா)

ஜிகர்னா உருதுல கல்லீரல். தண்டான்னா குளிர்ச்சி. ஈரலைக் குளிர வைக்கிறதுக்குன்னே பேர் வச்சுக் குடிக்கிற ஊரு நம்ம மதுரை! அதே ஊர்ல ராத்திரி கடையில ஈரல் ரோஸ்ட்டும் சொல்லுவோம், அது வேற கதை.

விஷயம் என்னன்னா, ஈரலைத் தாக்குற ஹெபடைடிஸ் சி வைரஸ் போயிருச்சு, ரிப்போர்ட்டும் வந்திருச்சு. அதுக்கப்புறமும் சிலருக்கு ஈரல் கெடுது. ஏன்? குடி, கொழுப்பு, ஏற்கெனவே விழுந்த தழும்பு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பழைய கதை ஒரே மூச்சுல: 1989ல வைரஸைக் கண்டுபிடிச்சாங்க, 2020ல அதுக்கு நோபல், 2018 ஜூலை 28ல நம்ம நாட்டுல இலவச சிகிச்சைத் திட்டம். மாத்திரை சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லடாஸ்விர் 60, பெரும்பாலானவங்களுக்கு 84 நாள். நூத்துல 95 பேருக்கு மேல குணம். மாத்திரை முடிஞ்சு 12 வாரம் கழிச்சு வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பார்த்து, வைரஸ் இல்லைன்னா முடிஞ்சது. வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடி மட்டும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்னே காட்டும். கண் ஆபரேஷனுக்குப் போன இடத்துல ‘ரியாக்டிவ்’னு சொன்னா பதறாம வைரல் லோடு ரிப்போர்ட்டை நீட்டுங்க.

முதல்ல குடி, எனக்குப் பிடிச்ச கணக்கு.

(திரையில்: 180 × 0.428 × 0.789)

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. லேபிள்ல 42.8 சதவீதம்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். பெருக்குங்க, 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு மில்லி ஆல்கஹால் 0.789 கிராம், அதனால எடை சுமார் 61 கிராம். ரெண்டு பேர் பங்கு போட்டு கட்டிங் அடிச்சாலும் தலைக்கு 30. “பீர்தானேண்ணே”ன்னு ஒருத்தர் கமென்ட்ல வருவார். வாங்க! 650 மில்லி பாட்டில், 5 சதவீதம்னா 26 கிராம். 8 சதவீதம்னா 41. ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்த ஈரலுக்கு ஆம்பளைங்களுக்கே தினம் 30 கிராம் தாண்டினாலே ரெட்டை அடி, பொம்பளைங்களுக்கு 20. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பாகி இறுகிப் போனவங்களுக்கு அளவே கிடையாது, பூஜ்யம்தான். தண்ணி கலந்தா குறையுமான்னு கேக்காதீங்க, கிராம் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது தொப்பை. பேன்ட் சைஸ் 34ன்னு நம்பாதீங்க, நாம பேன்ட்டை மாட்டுறதே தொப்பைக்குக் கீழதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப் வச்சு, மூச்சை விட்டுட்டு அளங்க. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினா ஈரல்லயும் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். 80 கிலோ ஆளு 6 கிலோ குறைச்சாலே ஈரல் வீக்கம் இறங்க ஆரம்பிக்கும். சுகர் இருந்தா எல்லாத்துக்கும் வட்டி சேரும்.

ஜிகர்தண்டா? கடல்பாசி நிரபராதி. குற்றவாளி சர்பத்தும் ஐஸ்கிரீமும். சீனில பாதி ஃப்ரக்டோஸ்ங்கிற சர்க்கரை, அதை ஈரல்தான் பெரும்பாலும் சுமக்கும், மிஞ்சினது கொழுப்பு.

மாட்டுத்தாவணி மார்க்கெட்ல விடியறதுக்கு முன்னாடி லோடு இறக்குறவருக்கு ஓட்ஸும் ப்ராக்கோலியும் எழுதிக் கொடுத்தா என்ன பிரயோஜனம்? காலைல டீ, ராத்திரி நாலு பரோட்டா சால்னா, உடம்பு வலிக்கு ஒரு கட்டிங், அதுதான் அவர் நாள். நாலை ரெண்டாக்கி, ரெண்டு அவிச்ச முட்டை சேருங்கன்னு சொன்னா நடக்கும். ‘வைரஸ் வியாதிக்காரன்’னு வீட்ல தட்டைத் தனியா வைக்கிறதையும் நிறுத்துங்கப்பா, தட்டு வழியா இது பரவாது. தனியா ஒதுக்கப்பட்ட மனுஷன் போய் உட்கார்ற இடம் எதுன்னு உங்களுக்கே தெரியும்.

கடைசியா ஃபிப்-4: ஈரல்ல தழும்பு எவ்வளவு இருக்கும்னு ரத்தப் பரிசோதனையை வச்சுப் போடுற கணக்கு. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் ரத்தத்துல பார்க்குற ஈரல் என்சைம்கள்.

(திரையில்: வயது × எஸ்ஜிஓடி ÷ (பிளேட்லெட் × √எஸ்ஜிபிடி))

வயசு 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.6 லட்சம். பிளேட்லெட்டை 160ன்னு போடணும், 1.6ன்னு போட்டா 260னு வந்து மயக்கம் வரும். சரியா போட்டா 2.6. இதுல 1.45க்குக் கீழ நிம்மதி, 3.25க்கு மேல தழும்பு அதிகம், நடுவுல வந்தா ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பார்க்குற ஃபைப்ரோஸ்கேன்.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. வைரஸ் போனதும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இறங்கும், எண்ணும் அழகா ஆயிரும். தழும்பு அதே வேகத்துல ஆறாது. அதனால சிகிச்சைக்கு முந்தின ரிப்போர்ட்தான் முக்கியம். அப்பவே சிரோசிஸ் இருந்திருந்தா, இப்ப எண் எவ்வளவு நல்லா இருந்தாலும் கேன்சருக்காக 6 மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உண்டு.

வீடியோவை நிறுத்திட்டு பீரோல இருக்க ஃபைலைப் புரட்டுங்க. மாத்திரை ஆரம்பிச்ச தேதிக்கு முந்தின ரிப்போர்ட் காணோமா? அந்த லேபுக்கே போய் பேரும் மாசமும் சொல்லி மறுபடி பிரின்ட் கேளுங்க.