ரெண்டே கோர் போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், முன்வரிசையில் நாற்காலி பிடித்தவர்களுக்கும், இடம் கிடைக்காமல் டீக்கடை பெஞ்சிலிருந்தே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும், எதிரணித் தம்பிகளுக்கும் வியாசர்பாடி வணக்கம். ஆயுத பூஜைக்குக் கேரம் போட்டியும் பாட்டுக் கச்சேரியும் வைக்கிற தெருவில், ப்ராசஸருக்குப் பட்டிமன்றம் வைக்கத் துணிந்த விழாக் குழுவுக்குத் தனி வணக்கம். இந்தத் தைரியம் எப்படி வந்தது என்று குழுவைத்தான் கேட்க வேண்டும்.

லேட்டாக வந்தவர்களுக்காக வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் படிப்பகத்துக்கு ஓர் ஆபீஸ் கழித்துக் கட்டிய ஐந்து கம்ப்யூட்டர்கள் வந்திருக்கின்றன. ஐந்திலும் ப்ராசஸர் உட்காருகிற எல்ஜிஏ 775 சாக்கெட் உள்ள மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்2 ராம். ப்ராசஸர் மட்டும் இல்லை. செகண்ட்ஸில் வாங்கிப் போட வேண்டும். எதைப் போடுவது? கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை செய்கிற மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கோர் உள்ள இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600 என்கிறது எதிரணி. ரெண்டு கோர் உள்ள கோர் 2 டியோ இ8400 என்கிறோம் நாங்கள்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி எடுத்த எடுப்பில் ஒரு போடு போட்டார். "நாலு பெரிசா, ரெண்டு பெரிசா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேளுங்கள்" என்றார். கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும் தட்டினேன். ஆனால் தம்பி, பிள்ளையிடம் பாதிக் கேள்விதானே கேட்டீர்கள்? க்யூ6600-இன் ஒவ்வொரு கோரும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் கடிகார வேகத்தில். இ8400-இன் கோர் ஓடுவது 3 கிகாஹெர்ட்ஸில். 2.4 பெரிசா, 3 பெரிசா என்றும் கேட்டிருக்கலாமே! புள்ளி வைத்த கணக்கு ஒண்ணாங்கிளாஸுக்கு வராது என்று விட்டுவிட்டார் போல.

படிப்பகத்தில் நம் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள்? டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாளைப் பிடிஎஃப்பில் திறப்பார்கள், மாதிரித் தேர்வு எழுதுவார்கள், தமிழ் டைப்பிங் பழகுவார்கள், விண்ணப்பம் நிரப்புவார்கள். இந்த வேலைகளில் பெரும்பாலும் ஒரு கோர் மூச்சைப் பிடித்து ஓடும், மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும். ஓடுகிற அந்த ஒன்று எவ்வளவு வேகம் என்பதுதான் பிள்ளைக்குத் தெரியும். அதில் எங்கள் ஆள் கடிகார வேகத்திலேயே கால் பங்கு கூடுதல்.

அடுத்து, அந்த நாலு கோர் எப்படி வந்தது என்று பார்க்கலாம். க்யூ6600 வந்தது 2007 ஜனவரியில். நாலு கோரையும் ஒரே சில்லில் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு கோர் உள்ள சில்லு ஒன்று, அதே போல இன்னொன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே ஒரே மூடி போட்டார்கள். மூடிக்குள் அக்கம்பக்கத்தில் இருந்தாலும் ஒரு சில்லு மற்றதோடு நேராகப் பேச முடியாது. எஃப்எஸ்பி என்கிற தகவல் பாதை வழியாக வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். புளியந்தோப்புக்காரர் வியாசர்பாடிக்கு வர கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறுகிற கதைதான். அந்தப் பாதையில் பீக் ஹவரில் மாட்டியவர்களும், மழையில் மாட்டியவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாதையின் அகலத்தையும் பாருங்கள். க்யூ6600-க்கு 1066 மெகாஹெர்ட்ஸ், இ8400-க்கு 1333. கணக்குப் போட்டால் அங்கே நொடிக்குச் சுமார் 8.5 ஜிபி, இங்கே 10.6 ஜிபி. அங்கே குறுகலான பாதையை நாலு பேர் பங்கு போடுகிறார்கள், இங்கே அகலமானதை ரெண்டு பேர். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற கேஷ் நினைவகத்தைப் பற்றித் தம்பி பெருமையாகச் சொன்னார்: "எங்களுக்கு 8 எம்பி, உங்களுக்கு 6 எம்பி." அந்த 8-ஐ 4, 4 என்று சில்லுக்குச் சில்லு பிரித்து வைத்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே. பெயர்தான் எட்டு, எந்தக் கோருக்கும் எட்டுவது நாலுதான்! எங்கள் 6 எம்பியை ரெண்டு கோரில் எது கேட்டாலும் முழுசாக எடுத்துக்கொள்ளலாம்.

வெளிவந்தபோது 851 டாலர் விலை வைத்த ப்ராசஸர் என்றும் சொன்னார். உண்மை. அதே வருஷம் ஜூலையில் அது 266 டாலருக்கு இறங்கியதும் உண்மை. அதைச் சொல்ல நேரம் போதவில்லை போலும். சரி, அந்த விலைக்கு இறங்கிய பிறகு உலகமே அதைக் கொண்டாடியது என்பதை மறுக்க மாட்டேன். நல்ல ப்ராசஸர்தான். நம் படிப்பகத்துக்கு ஏற்றதா என்பதுதான் பேச்சு.

இப்போது என் தொழில் சங்கதிக்கு வருகிறேன். எம்.சி. ரோடு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். இந்த 775 போர்டுகளைக் கழற்றுவதே என் பிழைப்பு. பக்கவாட்டு மூடியை எடுத்துவிட்டு, ஃபேன் மூலைகளில் உள்ள நாலு புஷ் பின்களையும் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால், ப்ராசஸரின் சூட்டை வாங்குகிற ஹீட்சிங்க் வரும். வட சென்னையில் ஓடிய மெஷினாக இருந்தால் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி அடை அடையாக அப்பியிருக்கும். ஒரு பக்கம் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல், ஒரு பக்கம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, போதாததற்குத் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிப் புழுதி, கடல் உப்புக்காற்று. அடியில் இருக்கும் சூடு கடத்துகிற பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்த நிலையில் காற்று எப்படிப் போகும், சூடு எப்படி வெளியேறும்? சூடு அளவு மீறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் மெஷினையே அணைத்துவிடும். மாதிரித் தேர்வில் தொண்ணூறாவது கேள்வியில் அணைந்தால் அந்தப் பிள்ளைக்கு நாலு கோர் வந்து பதில் சொல்லுமா?

இ8400-இன் வெப்ப அளவு 65 வாட். முதலில் வந்த க்யூ6600-க்கு 105 வாட். "பின்னால் வந்த ஜி0 ரகம் 95 வாட்தான்" என்று தம்பி எழுந்திருப்பார். உட்காருங்கள் தம்பி, நானே சொல்கிறேன். ப்ராசஸர் மூடியின் மேல் பொடி எழுத்தில் எஸ்எல்ஏசிஆர் என்று பொறித்திருந்தால் அது ஜி0. எஸ்எல்9யூஎம் என்றிருந்தால் பழைய பி3, 105 வாட். செகண்ட்ஸ் மார்க்கெட்டில் பழைய பேஸ்ட்டோடு ஒரு டப்பாவில் குவித்து வைத்திருக்கும்போது, துடைத்துப் பார்த்து வாங்கவா விடப் போகிறார்கள்? 105 வாட் ரகம் மாட்டிக்கொண்டது என்றே வையுங்கள். வித்தியாசம் 40 வாட். முழு வேகத்தில் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் ரெண்டு மாதத்துக்கு ஒரு மெஷினுக்கு 12 யூனிட், ஐந்துக்கும் சேர்த்து 60. பொருளாளர் அண்ணன் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். இதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஏன் இந்தக் குளிர்ச்சி? கோர் பாதி என்பது ஒரு காரணம். இன்னொன்று, க்யூ6600 சில்லுகளை 65 நானோமீட்டர் நுட்பத்தில் செய்த காலத்துச் சரக்கு. அப்போது சில்லுக்குள் சுவிட்சாக வேலை செய்கிற டிரான்சிஸ்டரில், அதைத் திறந்து மூடும் 'கேட்' என்கிற பகுதிக்குக் கீழே உள்ள சிலிக்கன் டையாக்சைடு படலத்தை மெலிதாக்கி மெலிதாக்கிச் சில அணுக்கள் தடிமனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விளைவு, மின்சாரம் சும்மா இருக்கும்போதும் கசிந்தது. 45 நானோமீட்டருக்கு வந்தபோது அந்தப் படலத்தை ஹாஃப்னியம் கலந்த பொருளால் செய்தார்கள். தடிமனாக வைக்க முடிந்தது, கசிவு குறைந்தது. 1960-களின் கடைசிக்குப் பிறகு டிரான்சிஸ்டரில் வந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் சொன்னார். அந்த மாற்றத்தோடு 2008 ஜனவரியில் வந்ததுதான் இ8400. கூடவே எஸ்எஸ்இ4.1 என்கிற, ப்ராசஸருக்குப் புரியும் புதுக் கட்டளைகளும் வந்தன. அவை இல்லையென்றால் திறக்கவே மறுக்கிற மென்பொருட்கள் உண்டு. க்யூ6600-இல் அவை இல்லை. விண்டோஸ் 11-இன் புதுப் பதிப்புகள் கேட்கிற எஸ்எஸ்இ4.2 ரெண்டு பேரிடமும் இல்லை, அதனால் எதைப் போட்டாலும் லினக்ஸ்தான். அதில் சண்டை வேண்டாம்.

"ப்ராசஸர் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும், க்யூ6600-உம் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும்" என்றார் இரண்டாவதாகப் பேசிய தம்பி. வித்தை தெரிந்த பிள்ளை, பாராட்டுகிறேன். அடிப்படைக் கடிகாரத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் கோரின் வேகம். ரெண்டுக்கும் அந்த எண் 9 தான். அடிப்படையை 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333 ஆக்கினால் 2.4 என்பது 3 ஆகும். ஆனால் அந்த வேகத்தில் சூடு 105 வாட்டையும் தாண்டும். ஆபீஸ்காரர்கள் கொடுத்த சின்ன எஸ்எம்பிஎஸ் பவர் பெட்டியும், கூட வந்த தட்டை ஹீட்சிங்கும் அதைத் தாங்குமா? டேப் ஒட்டி, பெரிய கூலர் வாங்கி, எஸ்எம்பிஎஸ் மாற்றி நீங்கள் வந்து நிற்கிற 3 கிகாஹெர்ட்ஸ், எங்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது!

யூடியூப் விஷயத்தில் மட்டும் எதிரணி சொன்னதில் நியாயம் உண்டு. இந்தப் போர்டுகளின் கிராபிக்ஸ் இன்றைய விபி9 என்கிற சுருக்கு வடிவ வீடியோவை விரிக்க உதவாது, பாரம் முழுக்க ப்ராசஸர் தலையில். அங்கே நாலு கோர் கைகொடுக்கும். ஆனால் யூடியூபிடம் பாரம் குறைந்த, பழைய எச்.264 வடிவத்தில் மட்டும் அனுப்பு என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, காசும் இல்லை. அதைப் போட்டால் 720பி பாட வீடியோவை இ8400 தடுமாறாமல் ஓட்டும். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்க 4கே எதற்கு?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். நாலு கோரும் ஒன்றாக மூச்சு வாங்கி உழைக்கிற வேலை ஒன்று இருக்கிறது: வீடியோ எடிட்டிங். நாலு 2.4 சேர்ந்தால் ரெண்டு 3 தோற்கும், அதை நானே சொல்கிறேன். ஆகவே விழா வீடியோவை வெட்டி ஒட்ட ஒரு மெஷினில் மட்டும் க்யூ6600 போடுங்கள், எஸ்எல்ஏசிஆர் பார்த்து வாங்கித் தருவது என் பொறுப்பு. பிள்ளைகள் உட்காரும் மற்ற நாலிலும் இ8400 என்று தீர்ப்பு எழுதுங்கள், நடுவர் அவர்களே. ஐந்துக்கும் பேஸ்ட் நான் போட்டுத் தருகிறேன். தூசி தட்ட எதிரணித் தம்பிகள் வரட்டும். நன்றி, வணக்கம்!