இளைஞனை ஆளாக்குவது கண்டிப்பா, கனிவா? – 'கனிவே' அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இடம் இல்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம். இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது. அதனால் உங்களைப் பார்த்தே பேசுகிறேன்.

"இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று, கண்டிப்பு இல்லாமல் ஒருவனும் உருப்பட மாட்டான்" என்றார் எதிரணி நண்பர். தம் தந்தையின் பிரம்படியைச் சொன்னார். கூடவே, தாம் பரீட்சையில் தோற்ற அன்று இரவு பதினொரு மணிவரை சாப்பிடாமல் காத்திருந்து, தட்டில் சோறு போட்டதும் அதே தந்தைதான் என்றார். நடுவர் அவர்களே, அவர் குரல் தழுதழுத்தது எந்த இடத்தில்? பிரம்பைச் சொன்னபோதா, சோற்றைச் சொன்னபோதா?

நானும் தோற்றவன்தான். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் போயிற்று. வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அறிவுரை சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. பகல் முழுக்கப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிரே ஒரு சைக்கிள் கடை. நான்காம் நாள் கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டார்: "தம்பி, இந்த ரிம்மைக் கொஞ்சம் பிடி." அவ்வளவுதான். மார்க்கைக் கேட்கவில்லை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவினால் உடனே ஒட்டிவிடக் கூடாது, கொஞ்சம் காய விட வேண்டும் என்று கையால் காட்டினார்.

தினமும் மாலையில் பார்வையற்ற ஊதுபத்தி வியாபாரி ஒருவர் அந்தப் பக்கம் வருவார். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரைச் சாலை கடத்தி, பஸ் ஏற்றிவிட்டு வருவார். ஒருநாள் அண்ணாச்சியின் இரண்டு கையும் கிரீஸ். என்னை ஒருமுறை பார்த்தார். நான் எழுந்து போய் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்தேன். தோற்றுப்போன பிறகு, என்னை நம்பி ஒருவர் நடந்தது அன்றுதான். மறுநாள் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மறுதேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் என்றைக்கு?"

இது ஒருவனுடைய கதை, இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று எதிரணி கேட்கலாம். சரி, நியூயார்க்குக்குப் போவோம். 1904-இல் அங்கே சிறார் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர் ஏர்னஸ்ட் கோல்ட்டர். கண்டிப்பின் மொத்த உருவமான அந்த நீதிமன்றத்துக்குள் சிறுவர்கள் நாள்தோறும் வந்துபோவதைப் பார்த்தவர், ஆண்கள் கூடியிருந்த ஒரு சபையில் எழுந்து, ஆளுக்கு ஒரு சிறுவனுக்குத் துணையாக இருங்கள் என்று கேட்டார். ஏறத்தாழ 40 பேர் முன்வந்தார்கள். 'பெரிய அண்ணன்' இயக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அந்த இயக்கத்தின் வழியில் வந்த அமைப்பைப் பற்றி 1995-இல் ஓர் ஆய்வு வெளியானது. 10 முதல் 16 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் 959 பேர். துணை கிடைத்தவர்கள் 18 மாதங்களில் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. இதோடு வந்த இன்னோர் ஆய்வு நம் வழக்குக்கு நேரான சாட்சி. பையனைத் திருத்தியே தீருவது என்று போனவர்களின் உறவு பெரும்பாலும் சில மாதங்களில் அறுந்துவிட்டது. கூட உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்ததைப் பேசி, சொன்ன நாளில் தவறாமல் வந்தவர்களின் உறவு நிலைத்தது. சொன்ன நாளில் வருவது! கேட்கச் சிறிய காரியம். அப்பா சொல்லிவிட்டு வராமல் போன பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரியது என்று.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் படகோடு தெருக்களுக்குள் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலங்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முந்தைய மாதம்வரை 'தறுதலை' என்று பெயர் வாங்கியவர்கள். யாரும் பிரம்பைக் காட்டி அவர்களைத் தண்ணீரில் இறக்கவில்லை. "தம்பி, இந்த மூட்டையைப் பிடி" என்று யாரோ நம்பிக் கொடுத்தார்கள், பிடித்தார்கள்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்காக இரவு பதினொரு மணிவரை சாப்பிடாமல் காத்திருந்தவருக்கு, மறுநாள் கண்டிக்கும் உரிமை உண்டு. காத்திருக்காதவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? எங்கள் அணியின் வழக்கு அதுதான், நடுவர் அவர்களே.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒன்றே ஒன்று. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு முடி நரைத்துவிட்டது. ரிம்மை வேறொரு பையன் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எதில் தோற்றவன் என்று அண்ணாச்சி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதிரே பஸ் வந்து நின்றது. கோணிப்பையோடு இறங்கத் தடுமாறிய ஒரு பாட்டியைப் பார்த்ததும், ரிம்மை என் கையில் கொடுத்துவிட்டு அவன் ஓடினான்.